பையன் பேக்கப் எடுக்கிற வேலையில் இருக்கிறான், விட்டுவிடச் சொல்லட்டுமா?

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தேன். பையன் டிப்ளமோ இ.இ.இ. முடித்து, ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் அப்ரண்டிஸாக இருக்கிறான். பழைய பிஎல்சியில் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) இருப்பதை எடுத்துப் புதியதில் ஏற்றுகிற வேலையைத்தான் கொடுக்கிறார்களாம், "இதற்கா மூன்று வருஷம் படிக்க வைத்தோம்" என்று அவன் அப்பா கோபப்படுகிறார், விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.

எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்த பிஎல்சிதான். அது செத்துப்போனால் லைன் நின்றுவிடும். அந்த நேரத்தில் சரியான பேக்கப் வைத்திருந்து, அதன் மூளையான சிபியூவைப் புதிதாக மாட்டி, இயந்திரத்தைப் பழையபடி ஓடவைக்கத் தெரிந்த ஆளைத்தான் மேனேஜர் தேடுவார். இந்த வேலை குறையப்போவதும் இல்லை. நம் ஆலைகளில் நிறைய இருக்கிற சீமென்ஸ் எஸ்7-300 வரிசையைப் படிப்படியாக நிறுத்துவது 2023-இலேயே தொடங்கிவிட்டது. அதிலிருந்து புதிய வரிசையான எஸ்7-1500-க்கு மாறுவது வெறும் காப்பி இல்லை, ஹார்டுவேர் அமைப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

இனி தம்பிக்கு. இதை அவனிடம் அப்படியே காட்டுங்கள்.

தம்பி, கணினியிலிருந்து பிஎல்சிக்குப் போவது டவுன்லோட், பிஎல்சியிலிருந்து கணினிக்கு வருவது அப்லோட். மொபைலில் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும், மாற்றி அழுத்தினால் ஓடுகிற புரோகிராம் மேல் பழையது ஏறிவிடும், அதனால் முதல் சில தடவை சீனியர் பக்கத்தில் நிற்காமல் தொடாதே. எஸ்7-300-இல் அப்லோட் மட்டும் செய்தால் லாஜிக் (இயந்திரம் எப்படி ஓட வேண்டும் என்கிற கட்டளைகள்) வரும், ஆனால் குறியீட்டுப் பெயர்களும் கமெண்டுகளும் வராது. அவை இருக்கிற ஒரிஜினல் ப்ராஜெக்ட் ஃபைல் எங்கே இருக்கிறது என்று இப்போதே கேட்டு வை. அந்த சிபியூவின் மெமரி கார்டை விண்டோஸில் ஃபார்மேட் செய்யாதே, அப்புறம் பிஎல்சி அதை ஏற்காது.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சீமென்ஸின் எஸ்7-1200 போன்ற பிஎல்சிகளில் ஆபரேட்டர் திரையில் மாற்றி மாற்றி ஒரு வழிக்குக் கொண்டுவந்த வெப்பநிலை, டைமர், பிஐடி (வெப்பநிலை போன்றவற்றைச் சீராக வைக்கும் கணக்கு) மதிப்புகள் எல்லாம் சிபியூவுக்குள் 'நடப்பு மதிப்பு'களாக இருக்கும். ப்ராஜெக்ட் ஃபைலில் இருப்பதோ யாரோ முதல் நாள் எழுதிய தொடக்க மதிப்பு. புது சிபியூவில் ப்ராஜெக்டை ஏற்றினால் இயந்திரம் அந்த முதல் நாள் மதிப்பில்தான் கிளம்பும், புரோகிராம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வருகிற பொருள் எல்லாம் ரிஜெக்ட் ஆகும், ஏன் என்று யாருக்கும் புரியாது. அதனால் பழைய சிபியூ உயிரோடு இருக்கும்போதே சீமென்ஸின் டியா போர்ட்டல் மென்பொருளில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து மதிப்புகளின் நகல்) எடுத்து, தேவையானதைத் தொடக்க மதிப்பாக மாற்றிவிட வேண்டும். செத்த பிறகு அந்த எண்களை எங்கே தேடுவாய்?

புது சிபியூ வந்ததும் ஆர்டர் நம்பரையும் ஃபர்ம்வேர் (சிபியூவின் உள் மென்பொருள்) பதிப்பையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார். ஐபி முகவரி, ப்ரொஃபிநெட் பெயர் (ஆலை நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கு வைத்த பெயர்), பாஸ்வேர்டு எல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். ஹெச்எம்ஐ எனும் ஆபரேட்டர் திரைக்கும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவுக்கும் தனித்தனி பேக்கப் தேவை. ஏற்றி முடித்தவுடன் ஆட்டோவில் போடாதே. எமர்ஜென்சி ஸ்டாப், சென்சார்கள், மோட்டார் சுற்றும் திசை என ஒவ்வொன்றாக மேனுவலில் சோதித்த பிறகுதான் ஆட்டோ. இயந்திரத்துக்குள் கை வைக்கிற ஆளின் உயிர் இதில் இருக்கிறது.

ஒவ்வொரு வேலைக்கும் என்ன செய்தாய், எங்கே சிக்கியது, எப்படிச் சரியானது என்று நோட்டில் எழுது. நிறுவனத்தின் ப்ராஜெக்ட் ஃபைலைப் பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவராதே, அது அவர்கள் சொத்து. இண்டர்வியூவில் "பிஎல்சி தெரியும்" என்பதற்குப் பதில் "சிபியூ மாற்றியபோது நடப்பு மதிப்புகளை இப்படிக் காப்பாற்றினேன்" என்று சொல், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அம்மா, கோர்ஸ் விஷயம். "நூறு சதவீத பிளேஸ்மெண்ட்" என்று சொல்கிற இடத்தில் பணம் கட்டும் முன், ஒரு பிஎல்சிக்கு எத்தனை மாணவர்கள், சிபியூ மாற்றிப் பார்க்க விடுவார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். லாஜிக் எழுதிப் பழக இப்போதே செலவு தேவையில்லை. பிஎல்சி மென்பொருள்களில் கோடிசிஸும் டெல்டா நிறுவனத்தின் டபிள்யூபிஎல்சாஃப்டும் இலவசம், பிஎல்சி இல்லாமலே கணினியில் ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷனோடு வருகின்றன. டியா போர்ட்டலுக்கு 21 நாள் சோதனை உரிமம் உண்டு. அவன் நாட்ஸ் எனும் மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தால் ஓராண்டை முடித்துச் சான்றிதழ் வாங்காமல் வெளியே வரவே கூடாது.

நைட் ஷிஃப்ட் இருக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஓராண்டு முடிந்த பிறகும் லாஜிக்கைத் திறந்து பார்க்கவே விடாமல் பட்டன் மட்டும் அழுத்தச் சொன்னால் வேறு இடம் பார்க்கலாம், அப்போது நானே சொல்கிறேன். இந்த வாரம் அவன் வீட்டுக்கு வரும்போது, அவன் பார்க்கிற இயந்திரங்களில் எதற்கெல்லாம் இன்றைய தேதியில் பேக்கப் இருக்கிறது என்று அவன் அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டம் போடலாம்.