கேள்வி பதில்: ஹைக்கூவின் கணக்கும் வெட்டும்

கேள்வி: ஹைக்கூ என்றால் 5-7-5 அசை என்கிறார்கள். நேர், நிரை பிரித்துப் பார்த்தால் ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் கவிதையே கணக்கில் வரவில்லையே?

வராது. ஜப்பானியர் எண்ணுவது அசையை அல்ல, 'ஒன்' என்ற ஒலியளவை. நம் மாத்திரைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2. 'கோபெ' என்ற ஊர்ப்பெயர் இரு மொழிக் கணக்கிலும் 3 வரும். மெய்யெழுத்தில்தான் பிரிகிறோம். நாம் அதற்கு அரை மாத்திரை தருகிறோம்; அவர்கள் முழுதாக 1 தருகிறார்கள். 'நிப்பொன்' நமக்கு 3, அவர்களுக்கு 4.

ஆக 17 ஒன் என்பது மிகச் சிறிய இடம். தமிழில் 17 அசை எழுதினால் அதைவிட நீண்டுவிடும். எண்ணிக்கையை நிரப்ப வேண்டாத அடைமொழிகள் வந்து உட்காரும். தவிர, கணக்கு மீறவே கூடாததும் அல்ல. பட்ட கிளையில் காகம் அமர்ந்த பாஷோவின் கவிதையில் நடுப்பகுதி 7 அல்ல, 9.

கேள்வி: அப்படியானால் ஹைக்கூவுக்கு எதுதான் அடையாளம்?

வெட்டு, அதாவது இரு காட்சிகளுக்கு நடுவே விழும் நிறுத்தம். ஜப்பானில் ஹைக்கூவைப் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியில் அச்சிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்பதைக் காட்ட 'கிரெஜி' என்ற வெட்டுச்சொல் உண்டு. 'யா', 'கானா', 'கெரி' மூன்றும் அதிகம் புழங்குபவை. 'யா' பெரும்பாலும் முதல் ஐந்தின் முடிவில் வரும். மற்ற இரண்டும் கவிதையின் கடைசியில்.

1686-இல் பாஷோ எழுதியது: 'ஃபுருஇகெ யா / கவாஸு தொபிகொமு / மிஸு நொ ஒதொ'. பழைய குளம், தவளை குதிக்கிறது, நீரின் ஓசை. பழங்கவிதைகளில் தவளை பாடும்; 'யமாபுகி' என்ற மஞ்சள் பூ பக்கத்தில் இருக்கும். சீடர் கிகாகு அந்தப் பூவையே முதலில் வைக்கலாம் என்றாராம். பாஷோ மறுத்துப் பழைய குளத்தை வைத்தார். இங்கே தவளை பாடவில்லை, குதிக்கிறது. குளத்துக்கும் குதிப்புக்கும் நடுவே 'யா' நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் நிசப்தம் கேட்கிறது. அமைதி என்ற சொல் கவிதையில் இல்லை.

தமிழில் இந்தச் சொற்கள் இல்லாததால் ஒரு கோடோ, பெயர்ச்சொல்லில் முடியும் அடியோ அந்த வேலையைச் செய்யலாம். ஒரு வாக்கியத்தை மூன்றாக ஒடித்துப் போட்டால் அது வெட்டு ஆகாது. அடிக்கு ஒரு வெட்டு போட்டால் மூன்று துண்டுகள் கிடக்கும். இந்த இரண்டையும்விடப் பெரிய தவறு, 'போல' போட்டு இரு காட்சிகளையும் ஒட்டிவிடுவது. வாசகர் செய்யவேண்டிய வேலையை எழுதியவரே முடித்துவிடுகிறார்.

கேள்வி: பருவச்சொல் கட்டாயமா? நிலா எந்தப் பருவம்?

மரபுப்படி கட்டாயம். பலர் கூடித் தொடுக்கும் ரெங்கா தொடர்கவிதையின் முதல் கண்ணி 'ஹொக்கு'. கூடியிருக்கும் பருவத்தை அது சொல்லியாக வேண்டும். 1890களில் கவிஞர் மசாவோகா ஷிகி அந்தக் கண்ணியைத் தனிக்கவிதையாக்கி 'ஹைக்கு' என்று பெயரிட்டபோது பருவமும் கூடவே வந்தது. (அந்த வகையில் பாஷோ எழுதியது ஹொக்கு!) 'சைஜிகி' என்ற பருவச்சொல் அகராதியில் நான்கு பருவங்களோடு புத்தாண்டுக்கும் தனிப்பகுதி உண்டு. வெறுமனே நிலா என்றால் இலையுதிர்காலம், தவளை என்றால் வசந்தம். வேறு பருவத்து நிலா வேண்டுமானால் 'குளிர்கால நிலா' என்று சொல்லியாக வேண்டும். ஒரே கவிதையில் இரண்டு பருவச்சொற்களைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

கேள்வி: அரசியல்வாதியைக் கிண்டல் செய்து மூன்று வரி எழுதினேன். ஹைக்கூதானே?

இல்லை, அது சென்ரியு. அதே 5-7-5தான், பருவச்சொல்லும் வெட்டுச்சொல்லும் தேவையில்லை. மனிதர்களின் அசட்டுத்தனம்தான் அதன் பாடுபொருள். 18-ஆம் நூற்றாண்டில் அவ்வகைப் பாடல்களைத் தேர்ந்தெடுத்த கராய் சென்ரியுவின் பெயரே அதற்கு நிலைத்தது. ஹைக்கூ என்று நம் பத்திரிகைகளில் வருவதில் கணிசமானவை இந்த வகைதான். அதில் குறைவொன்றுமில்லை, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.