தொழிலாளி சொல் பிரஸ்ஸல்ஸில் அம்பலம் ஏறுமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தொழிற்சங்கக்காரர்கள் ஆலோசனை சொல்ல பிரஸ்ஸல்ஸில் ஒரு குழு இருக்கிறதாமே? சட்டத்தைத் தடுக்கவும் முடியாது, போடவும் முடியாது என்கிறார்கள். பிறகு எதற்கு அந்தக் குழு?

பதில்: இருக்கிறது, அறுபது வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதார சமூகக் குழு என்று பெயர். 1957இல், இன்றைய ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட ரோம் ஒப்பந்தம் எழுதும்போதே அதற்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள், அடுத்த வருடமே முதல் கூட்டமும் நடந்தது. அன்றைக்கு ஒப்பந்தத்தில் இருந்த ஆறு நாடுகளில் ஐந்தில் இந்த மாதிரி உள்நாட்டுக் குழு ஏற்கனவே இருந்தது. மேற்கு ஜெர்மனியில் மட்டும் இல்லை, அதற்கு இதில் பெரிய ஆர்வமும் இல்லை.

இப்போது 329 உறுப்பினர்கள். முதலாளிகள் ஓர் அணி, தொழிலாளர்கள் ஓர் அணி. மூன்றாவது அணியில் விவசாயிகள், நுகர்வோர், மாற்றுத்திறனாளிகள் என்று பல அமைப்புகளின் ஆட்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்குத் தலா 24 இடம், குட்டி நாடான மால்டாவுக்கு 5. பெயர்களை அந்தந்த அரசு அனுப்பும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் ஐந்து வருடத்துக்கு நியமிக்கும். சம்பளம் கிடையாது, பயணச்செலவும் பேட்டாவும்தான். ஊரில் பார்க்கும் சங்க வேலையை விட்டுவிட்டு வருவதில்லை என்பதால், சொல்கிற விஷயம் கைக்குப் பழகியதாக இருக்கும் என்பது கணக்கு.

அதிகாரம் என்று பார்த்தால், வேலை, சமூகப் பாதுகாப்பு போன்ற பல விஷயங்களில் சட்டம் செய்வதற்கு முன் இவர்களைக் கேட்டாக வேண்டும். ஆனால் கேட்டபடி நடக்க வேண்டும் என்பதில்லை. கெடு வைத்தால் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும், அதற்குள் கருத்து வரவில்லையென்றால் இவர்கள் இல்லாமலே வண்டி கிளம்பிவிடும். 1972 வரை, கேட்டால்தான் வாய் திறக்கலாம் என்ற நிலைமைகூட இருந்தது. அந்த வருடம் பாரிஸில் கூடிய தலைவர்கள்தான் 'நீங்களாகவும் சொல்லலாம்' என்று அனுமதித்தார்கள்.

கேள்வி: முதலாளியும் தொழிலாளியும் ஒரே கருத்துரையில் கையெழுத்துப் போடுவார்களா? நம்ப முடியவில்லையே!

பதில்: கையெழுத்து இல்லை, வாக்கெடுப்பு. ஆனால் அதற்கு முன்னால் நடப்பதுதான் ருசியான பகுதி.

ஒரு விஷயம் வந்ததும் ஒருவரை வரைவு எழுதப் பொறுப்பாக்குவார்கள். அவர் தொழிலாளர் அணிக்காரர் என்றால் மற்ற அணிக்காரர்களும் கூட உட்காருவார்கள், ஆளுக்கொரு நிபுணரையும் அழைத்துக்கொள்ளலாம். வரைவு சிறு குழுவில் ஒரு சுற்று, துறைப் பிரிவில் ஒரு சுற்று, கடைசியில் மொத்தக் குழுவும் கூடும் சபையில் ஒரு சுற்று என்று ஏறும். சண்டை பெரும்பாலும் கொள்கை மேல் வராது, வினைச்சொல் மேல்தான் வரும். 'உறுப்பு நாடுகள் உறுதி செய்ய வேண்டும்' என்று தொழிலாளர் தரப்பு எழுதும். 'ஊக்குவிக்கலாம்' என்று மாற்றச் சொல்லி முதலாளி தரப்பு திருத்தம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே யாராவது 'உறுதி செய்ய முயல வேண்டும்' என்பார், எல்லோரும் சோர்ந்துபோய் சரி என்பார்கள். 24 மொழிகளில் இதை மொழிபெயர்க்கும் பாவப்பட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கருத்துரைகள் படிக்கச் சுகமானவை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். எல்லோரையும் திருப்திப்படுத்தி எழுதிய பத்தி எப்படி இருக்கும்? நான் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். தோற்றுப்போன திருத்தம் ஒன்றுக்கு, விழுந்த வாக்குகளில் கால்வாசியாவது கிடைத்திருந்தால் அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்தாக வேண்டும், எண்ணிக்கையோடு. யார் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள் என்பது அங்கேதான் பச்சையாகத் தெரியும்.

கேள்வி: இவர்கள் சொல்லி உருப்படியாக ஏதாவது நடந்ததுண்டா?

பதில்: 1989ஐச் சொல்லலாம். 1988 செப்டம்பரில், ஒன்றியத்தில் சட்டங்களை முன்மொழியும் அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஜாக் டெலோர் இங்கிலாந்துக்குப் போய், போர்ன்மவுத்தில் நடந்த தொழிற்சங்க மாநாட்டில் பேசினார். ஐரோப்பியச் சந்தை வந்தால் கூடவே தொழிலாளர் உரிமையும் வரும் என்பதுதான் பேச்சின் சாரம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் நின்று காரசாரமாக எதிர்ப்பேச்சுப் பேசினார். டெலோர் அடுத்ததாகச் செய்தது, அடிப்படைச் சமூக உரிமைகள் என்றால் என்னென்ன என்று இந்தக் குழுவிடம் கேட்டது. 1989 பிப்ரவரியில் குழு பதில் கொடுத்தது. அந்த டிசம்பரில் தொழிலாளர் அடிப்படைச் சமூக உரிமைச் சாசனம் வந்தது. 12 நாடுகளில் 11 ஏற்றுக்கொண்டன, விலகி நின்றது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாசனத்துக்குச் சட்ட பலம் கிடையாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் பட்டியல் என்று ஒன்று எழுதி வைத்துவிட்டால், 'இதில் எட்டாவது என்ன ஆச்சு?' என்று கேட்க ஆள் வந்துவிடுவார்கள்.

கேள்வி: ஆலோசனை சொல்வதை விட, தொழிற்சங்கங்களே நேராகச் சட்டம் எழுதும் வழி ஒன்று ஐரோப்பாவில் உண்டு என்று படித்தேன். அது எப்படி?

பதில்: சரியாகப் படித்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் குழுவை விட இந்தப் பேரம் பேசும் மேஜைதான் கனமானது. சமூகக் கொள்கையில் சட்டம் முன்மொழியும் முன், ஐரோப்பிய அளவிலான தொழிற்சங்கக் கூட்டமைப்பையும் முதலாளிகள் அமைப்புகளையும் ஆணையம் இரண்டு தடவை கலந்தாலோசிக்க வேண்டும். 'நீங்கள் விலகுங்கள், நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம்' என்று அந்த இரு தரப்பும் சொல்லலாம். சொன்னால் ஒன்பது மாதம் அவகாசம். ஒப்பந்தம் ஆனதும், இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் அதை டைரக்டிவாக ஆக்கலாம். டைரக்டிவ் என்றால் ஒவ்வொரு நாடும் கெடுவுக்குள் தன் சட்டத்தில் ஏற்ற வேண்டிய உத்தரவு. பிள்ளை பெற்றவர்களுக்கு, தாய் தந்தை இருவருக்குமே, குறைந்தது மூன்று மாத விடுப்பு என்ற 1996 சட்டம் இப்படிப் பேரம் பேசி வந்ததுதான். பகுதிநேர வேலைக்காரர்களுக்கான 1997 சட்டமும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படுபவர்களுக்கான 1999 சட்டமும் அதே வழி.

அப்புறம் முடிதிருத்துபவர்கள் கதை வந்தது.

சலூனில் வேலை பார்ப்பவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? நாள் முழுக்கத் தண்ணீர், ஷாம்பு, சாயம். விரலிடுக்கில் தோல் சிவந்து, வெடித்து, அரித்து, கடைசியில் இளம் வயதிலேயே தொழிலை விட்டவர்கள் உண்டு. 2012இல் அந்தத் துறையின் தொழிற்சங்கமும் கடை முதலாளிகளும் (முதலாளிகளும்தான், கவனியுங்கள்) ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சாயம் பூசும்போது கையுறை, ஈரவேலையும் உலர்வேலையும் மாற்றி மாற்றி, வழுக்காத அடியுள்ள செருப்பு. இவ்வளவுதான். செருப்பு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு 'ஹைஹீல்ஸுக்கு பிரஸ்ஸல்ஸ் தடை' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 2013இல் ஆணையம், அதிகப்படியான விதிகளைக் குறைக்கிறோம் என்ற பேரில் இதை ஓரம் வைத்துவிட்டது. இரு தரப்பும் 2016இல் திருத்தி மறுபடி கையெழுத்திட்டும் அது டைரக்டிவ் ஆகவில்லை. எனக்கு இன்னும் இது ஆறவில்லை. சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன பிறகு நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால் என்ன சொல்வது?

இதே மாதிரி உறுப்பு நாடுகளின் மத்திய அரசு ஊழியர்களுக்காக 2015இல் ஆன ஒப்பந்தத்தையும் ஆணையம் 2018இல் சட்டமாக்க மறுத்தது. சங்கம் வழக்குப் போட்டது. 2021 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இரு தரப்பும் கேட்டதற்காக ஆணையம் முன்மொழிந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆக, கனமான மேஜையின் சாவியும் வேறொருவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன், கம்பெனிக்கு நாலைந்து நாட்டில் கிளைகள். மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. எங்களிடம் சொல்லாமல் முடிவெடுக்க முடியுமா?

பதில்: ஒன்றிய நாடுகளில் மொத்தம் 1,000 பேரும், அதில் குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேரும் இருந்தால் ஐரோப்பியப் பணியாளர் மன்றம் அமைக்கக் கேட்கலாம்; நிர்வாகம் பல நாட்டுத் தொழிலாளர் பிரதிநிதிகளிடம் தகவல் சொல்லி, கருத்துக் கேட்கும் இடம் அது. 1994இலேயே வந்த விதி. ஆனால் மன்றம் தானாக முளைக்காது. குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து 100 தொழிலாளர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ எழுதிக் கேட்க வேண்டும், அல்லது நிர்வாகமே தொடங்க வேண்டும். மன்றம் இருக்கிறதா என்று முதலில் உங்கள் சங்கத்தில் விசாரியுங்கள்.

சொல்லாமல் செய்ததற்கு உதாரணமும் இருக்கிறது. 1997 பிப்ரவரி 27 அன்று, பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்ட் ஆலையை மூடப்போவதாக ரெனோ கார் நிறுவனம் அறிவித்தது; ஏறக்குறைய 3,100 பேருக்கு வேலை போகும் முடிவு. மன்றத்தைக் கலந்தாலோசிக்கவில்லை என்று பெல்ஜியத்திலும் பிரான்சிலும் நீதிமன்றங்கள் கண்டித்தன, பல நாட்டுத் தொழிலாளர்கள் சேர்ந்து வேலைநிறுத்தமும் செய்தார்கள். இருந்தும் ஆலை மூடப்பட்டது. அந்தக் கொதிப்பில் வேகம் பிடித்த சட்டம், தகவல் சொல்வது, கலந்தாலோசிப்பது பற்றிய 2002 டைரக்டிவ். அதனால் உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், உங்கள் பதிலையும் கேட்க வேண்டும். மூடக் கூடாது என்று தடுக்கும் உரிமை மட்டும் இல்லை.

கேள்வி: எல்லா நாட்டுத் தொழிற்சங்கமும் ஒரே குரலில்தான் பேசுகின்றனவா?

பதில்: அதெல்லாம் இல்லை! 2022இல் வந்த குறைந்தபட்ச ஊதிய டைரக்டிவைப் பாருங்கள். பெரும்பாலான சங்கங்கள் வரவேற்றன. டென்மார்க், ஸ்வீடன் சங்கங்கள் முதலிலிருந்தே எதிர்த்தன, ஏனென்றால் அங்கே சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே கிடையாது, சங்கமும் முதலாளியும் பேசி முடிப்பதுதான் கூலி. எங்கள் வீட்டுச் சமையலில் பிரஸ்ஸல்ஸ் ஏன் உப்புப் போடுகிறது என்பது அவர்கள் கேள்வி. டென்மார்க் அரசு வழக்குப் போட்டது, ஸ்வீடன் துணை நின்றது. 2025 நவம்பர் 11 தீர்ப்பில் நீதிமன்றம் இரண்டு பகுதிகளை மட்டும் வெட்டிவிட்டு மீதியை நிற்கவைத்தது. கூட்டுப் பேரத்துக்குள் வரும் தொழிலாளர்கள் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த நாடு செயல்திட்டம் போட வேண்டும் என்ற பகுதி தப்பிவிட்டது. எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்ததே அதுதான், கூலித் தொகையை விட.

கேள்வி: அந்தக் குழுவில் உறுப்பினராக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவசரம் வேண்டாம். புதுக் குழு 2025 அக்டோபரில்தான் உட்கார்ந்திருக்கிறது, அடுத்தது 2030இல்தான். அதுவரை உங்கள் சங்கத்தில் வரைவுத் தீர்மானம் எழுதும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்.