தேக்குல செஸ் காய் கடையலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் ரங்கூன்ல இருக்கேன். பழைய வீடு பிரிச்சப்ப கிடைச்ச தேக்குக்கட்டை நிறைய கெடக்கு, சின்ன லேத் ஒண்ணும் இருக்கு, பசங்களுக்கு ஒரு செஸ் செட் கடைஞ்சு குடுக்கலாம்னு ஆசை. சிப்பாய் கடைஞ்சு பார்த்தேன், ஒண்ணு மாதிரி ஒண்ணு வரல, கழுத்துப் பக்கம் வேற பேத்துக்கிட்டு போகுது. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, கதவுக்கும் கட்டிலுக்கும் தேக்கை மிஞ்ச மரம் இல்ல, ஆனா செஸ் காய்க்கு நான் அதை எடுக்க மாட்டேன். அதுல மணல் மாதிரி சிலிக்கா இருக்கு, உளி சீக்கிரம் மழுங்கிரும், மழுங்குன உளியை வச்சு அழுத்துனா மெல்லிசான கழுத்துல நார் பேந்துதான் வரும். கறுப்புப் பக்கத்துக்கு நல்ல செவப்பு படாக் மரம் எடுங்க. வெள்ளைக்கு தனக்கா, ஆமா மூஞ்சிக்கு அரைச்சுப் பூசுறதுக்கு சந்தையில துண்டு துண்டா விக்கிறாங்கல்ல அதேதான், எலுமிச்சை குடும்பத்து மரம், வெளிர் மஞ்சளா கெட்டியா இருக்கும், ரேகையும் நெருக்கம். கொஞ்சம் தடிமனான கட்டையா வாங்கி, நடுமையம் வராம பொளந்து, நல்லா காயவிட்டு எடுங்க, இல்லன்னா வெடிச்சிரும். ரேகை காயோட உயரத்துக்கு நேரா ஓடணும், உளி எப்பவும் மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் போகணும்.

இப்ப ஒரே மாதிரி வர்ற விஷயம், இதுலதான் எல்லாரும் சோர்ந்து போறாங்க. கண்ணளவை நம்பாதீங்க. மெல்லிசான பிளைவுட் பட்டை ஒண்ணுல அடி, வளையம், கழுத்து, தலை எங்கெங்க வருதுன்னு கோடு கீறிக்கங்க, கட்டையை உருளையா ஆக்குனதும் பட்டையை ஒட்டி வச்சு பென்சிலால குறிச்சு, ஒவ்வொரு கோட்டுலயும் காலிப்பர், அதான் தடிமன் அளக்குற கவை, வச்சு அளந்து பள்ளம் எடுங்க, அப்புறம்தான் வளைவு. உயரம், அடிவட்டம், தலை மூணும் சரியா இருந்தா போதும், வளையத்துல மயிரிழை வித்தியாசம் போர்டுல வச்சா யாருக்கும் தெரியாது. 16 சிப்பாய் வேணும்னா 20 கடைஞ்சு ஒத்துப்போறதைப் பொறுக்கிக்கங்க.

அளவுக்கு உலக செஸ் சம்மேளனம் ஃபிடே சொல்றதையே வச்சுக்கலாம்: ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5, அடிவட்டம் உயரத்துல 40லேருந்து 50 சதவீதம். குதிரைக்கு அடி மட்டும் லேத்துல, தலையைத் தனியா செதுக்கி முளை வச்சு ஒட்டணும், ஒரு செட்டுக்கு நாலுதான், அவசரப்படாதீங்க. காய் சாயாம நிக்க அடியில துளை போட்டு கனம் வைப்பாங்க, பசங்க விளையாடுறதால ஈயம் வேணாம், இரும்பு நட்டு வச்சு அடைச்சிருங்க.

கேள்வி: கடையும்போது பாதியில கரண்ட் போயிருது, அதனால காய் கெடுமா? (மாண்டலே வாசகர்)

பதில்: காய் கெடாது, கைக்குத்தான் ஆபத்து. மோட்டார் சத்தம் இறங்குனதுமே உளியை வெளிய எடுத்துட்டு சுவிட்சை அணைச்சிருங்க. இருட்டுல அப்படியே விட்டுட்டுப் போனா கரண்ட் வந்ததும் லேத் தானா சுத்த ஆரம்பிச்சிரும், பக்கத்துல பசங்க நிப்பாங்க. கரண்ட் இல்லாத நேரத்துல குதிரைத் தலை செதுக்குங்க. படாக் தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது, உப்புத்தாள் போடும்போது மாஸ்க் இல்லாம நிக்காதீங்க.