கரையான் தின்ற கதவுச் சட்டம்: பழைய கார் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, 1952ஆம் ஆண்டு எம்.ஜி. டி.டி. என்ற இங்கிலாந்து நாட்டு இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 1991இல் போடிமெட்டுக்கு மேலேயுள்ள ஏலத்தோட்டத்துப் பங்களா ஒன்றில் விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். 1997இல் முழுமையாகச் சரிசெய்துவிடலாம் என்று அக்கக்காகப் பிரித்தோம். பிறகு பணியிட மாறுதல், மகளின் திருமணம், வீட்டுக் கடன் என்று அது அப்படியே நின்றுவிட்டது. பாடியும் சேஸியும் சோழவந்தானில் எங்கள் தோப்புக் கொட்டகையில் இருக்கின்றன. இன்ஜின் மதுரை வீட்டில் மாடிப்படிக்கு அடியில் சாக்குச் சுற்றிக் கிடக்கிறது. இடப்புறக் கதவு மாட்டும் மரச்சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. இன்ஜின் சுற்றவில்லை. பிரித்த மெக்கானிக்கும் இப்போது உயிரோடு இல்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். ஓய்வுக்குப் பிறகு கிடைக்கும் பணத்தில் இதை முடிக்கலாமா? மாருதி வேன் இன்ஜினை வைத்துவிட்டால் எளிது என்று ஒருவர் சொல்கிறார். மகனோ கிடைத்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறான். முழங்கால் வலியும் உண்டு. படங்கள் இரண்டு இணைத்துள்ளேன்.
– வாசகர், திருநகர், மதுரை.

பதில்: ஓய்வு பெறும் நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம், ஓய்வுப் பணத்தில் கை வைக்கவும் வேண்டாம். உங்களைப் போல் எழுதுகிற எல்லோருமே, ‘ரிட்டயர் ஆனதும் நேரமும் பணமும் சேர்ந்து வரும், அன்று ஆரம்பிக்கலாம்’ என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். நேரம் வரும், உண்மைதான். ஆனால் மொத்தமாக வருகிற பணம் பட்டறைக்குள் போனால் எங்கே போனதென்றே தெரியாது. பழைய காரில் எந்த வேலைக்கும் முன்கூட்டி விலை சொல்ல முடியாது. பிரித்த பிறகுதான் உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது தெரியும். ஆகவே மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, அதில் ஒரு தொகையை ஒதுக்கி, பிறர் கையால் நடக்க வேண்டிய வேலைகளை இப்போதே கொடுத்துவிடுங்கள். லேத் வேலை, மரவேலை, வெளிநாட்டு உதிரிப்பாகம் ஆகிய மூன்றுக்கும் பணத்தைவிடக் காத்திருப்புதான் அதிகம். உங்கள் கையால் நடக்க வேண்டிய சுத்தம் செய்தல், சின்ன உருப்படிகளுக்குப் பெயின்ட் அடித்தல், ஒயரிங், பூட்டுதல் முதலியவற்றை ஓய்வுக் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிஸ்கட் டப்பாவுக்குள் தினசரி காலண்டர் தாளில் மடித்த சின்னப் பொட்டலங்களும், அவற்றின் மேல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்.யு. கம்பெனிக் கார்புரேட்டர்களின் அலுமினியக் கூண்டுகளும், அவற்றிலிருந்து கழற்றிய பிஸ்டன்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எனக்குக் கவலை தந்தது கரையான் இல்லை, இந்த டப்பாதான். அந்தக் கூண்டும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்துப் பொருத்தப்பட்டவை. மாற்றிப் போட்டால் ஒன்று ஒட்டும், மற்றொன்றில் காற்றுக் கசியும், பிறகு எத்தனை முறை டியூன் செய்தாலும் ஐடிலிங் சீராக நிற்காது. இரண்டையும் பெட்ரோலில் கழுவி, துணியால் துடைத்து, பிஸ்டனில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்து, கூண்டைத் தலைகீழாகப் பிடித்து அதற்குள் பிஸ்டனை வைத்து, பிறகு மொத்தமாக நிமிர்த்திப் பாருங்கள். ஜோடி சரியென்றால் பிஸ்டன் எங்கும் தட்டாமல், சில விநாடிகள் எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கும். கல்லைப் போல விழுந்தாலோ, பாதியில் நின்றாலோ ஜோடியை மாற்றிச் சோதியுங்கள்.

முதல் மாத வேலை இதுதான்: ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கட்டுப் பிளாஸ்டிக் உறை, ஒரு மார்க்கர் பேனா. எந்த உருப்படி எங்கிருந்து வந்தது என்பது அந்த மெக்கானிக்கோடு போய்விட்டது. இந்த மாடலின் அச்சிட்ட வொர்க்‌ஷாப் கையேடும் உதிரிப்பாகப் படப்புத்தகமும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை முன்னால் விரித்து வைத்து, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பெயர் எழுதுங்கள். இருப்பது, கெட்டது, காணாதது என மூன்று பட்டியல் தயாரான பிறகுதான் இங்கிலாந்துக்கு ஆர்டர். அதையும் சில்லறையாக அனுப்பாமல் ஒரே தடவையில் அனுப்புங்கள்; ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியாகக் கூரியரும் சுங்க வரியும் கட்டினால் பொருளின் விலையை அவை தின்றுவிடும். 1949 இறுதியிலிருந்து 1953 வரை ஏறத்தாழ 30,000 டி.டி. கார்கள் வந்தன, அதனால் பெரும்பாலான உருப்படிகளை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

போல்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் 1250 சிசி இன்ஜினின் போல்ட் தலைகளுக்கு விட்வொர்த் எனும் பழைய இங்கிலாந்து அளவு ஸ்பேனர்தான் பிடிக்கும். ஆனால் அந்தப் போல்ட்டின் மரையோ மில்லிமீட்டர் அளவு. எம்.ஜி.யின் தாய்க் கம்பெனியான மாரிஸ் 1923இல் பிரெஞ்சுக்காரர்களுடைய ஹாட்ச்கிஸ் இன்ஜின் தொழிற்சாலையை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் வாங்கியபோது, அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரைதான் வெட்டின. இங்கிலாந்து மெக்கானிக்குகளின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். தலை ஒரு முறை, உடம்பு ஒரு முறை என்று ஆக்கிவிட்டார்கள். அந்த வழக்கம் எம்.ஜி. வரைக்கும் வந்தது. இங்கே எந்த ஹார்டுவேர் கடையில் எட்டு மில்லி போல்ட் கேட்டாலும் 1.25 பிட்ச்தான் (பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையிலுள்ள மில்லிமீட்டர் தூரம்) கொடுப்பார்கள். உங்கள் இன்ஜினில் இருப்பதோ 1.0 பிட்ச். இரண்டு சுற்றுச் சுற்றும்வரை சரியாகத்தான் இருக்கும், அதற்கு மேல் இறுகும். ‘கொஞ்சம் டைட்’ என்று பையன் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் பிளாக்கின் மரையே போய்விடும். பழைய போல்ட் ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

கரையானுக்கு வருவோம். இந்தக் காரின் பாடித் தகடு மரச்சட்டத்தின் மேல் அறையப்பட்டது. கம்பெனி போட்டது ஆஷ் மரம். அதே மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மா தேக்கு உத்தரம் ஒன்றை வாங்குங்கள். பல தலைமுறை காய்ந்த மரம், இனி முறுக்காது, கரையானும் அவ்வளவு எளிதில் தொடாது. ஸ்க்ரூ போடும் முன் துளை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தேக்கு பிளக்கும். ஆனால் அரித்த சட்டத்தை உதிர்ந்த மரத்தூள் என்று துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் தோலை அப்படியே வைத்து அட்டையில் வரைந்தெடுங்கள். வலப்புறச் சட்டம் நன்றாக இருந்தால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி இடப்புறத்துக்கு அளவெடுங்கள். பாடியைச் சேஸியில் ஏற்றி, போல்ட் போட்டு நிறுத்திய பிறகே அந்தச் சட்டத்தைக் கடைசியாக இறுக்க வேண்டும். தனியாகக் கீழே வைத்துச் செய்துவிட்டு மேலே ஏற்றினால் கதவு மேலே ஒரு விரல், கீழே ஒரு நூல் என்று கோணலாக நிற்கும். நாற்காலி, கட்டில் செய்து பழகிய கையைவிடத் தேர் வேலை, மரச் சிற்ப வேலை தெரிந்த ஆசாரி கையே இதற்குப் பொருந்தும். வளைவு அவர்களுக்குக் கண்ணிலேயே இருக்கும்.

இன்ஜின் சுற்றவில்லை என்றதும் பலர் கம்பி போட்டு நெம்பிவிடுகிறார்கள். நீங்கள் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, டீசலும் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) சமமாகக் கலந்து ஒவ்வொரு துளையிலும் கால் டம்ளர் ஊற்றி, ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். இரண்டாம் வாரம் மறுபடி கொஞ்சம் ஊற்றி, முன்புறக் கை ஸ்டார்ட்டரைப் போட்டு, முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பாருங்கள். அசைவு கையில் தெரிவதற்கு முன், உள்ளே ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டவர்களுக்கு அன்று இரவு தூக்கம் வராது. அசைந்துவிட்டது என்பதற்காக ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றுங்கள். அடியில் தார் போல உறைந்திருக்கும். ஹெட்டைக் கழற்றும்போது வால்வு சீட்டுகளுக்குக் கடினமான இன்சர்ட் போடச் சொல்லுங்கள். உங்கள் வண்டி ஓய்ந்த 1997இல் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது; 2000 பிப்ரவரிக்குப் பிறகு நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். இப்போதைய பெட்ரோலிலோ இருபது சதவீதம் எத்தனால் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ், கார்க் வாஷர், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றாமல் டேங்கில் ஒரு சொட்டும் விடாதீர்கள். ரப்பர் வார்ப்பு வேலைக்கு மதுரையிலேயே ஆள் உண்டு; பழைய உருப்படியைக் காட்டினால் அச்சு எடுத்துத் தருவார்கள். பேட்டரியில் பிளஸ் முனைதான் பாடிக்குப் போக வேண்டும் என்பதை ஒயரிங் பலகையிலேயே எழுதி வையுங்கள். இன்றைய எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் மைனஸை மாட்டிவிடுவார்.

பிரேக்கைப் பற்றி வாதமே வேண்டாம்: வீல் சிலிண்டர்களுக்கு உள்ளே ஸ்டீல் ஸ்லீவ் (உட்குழாய்), ஹோஸ்கள் புதிது.

மாருதி இன்ஜின் வேண்டாம். வைத்தால் வண்டி ஓடும். ஆனால் இத்தனை ஆண்டு நீங்கள் காத்துவைத்தது அதுவல்ல. தவிர, பழங்காலக் கார் என்ற பதிவுக்கும் அது தடையாகும். அதைக் கீழே மூன்றாம் கேள்வியில் சொல்கிறேன். முழங்காலுக்கு ஒரு யோசனை: சேஸியை இடுப்புயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள், நின்றபடியே வேலை செய்யலாம். சோழவந்தான் கொட்டகைத் தரை மண் தரையாக இருந்தால் முதல் மாதச் செலவு சிமென்ட் தளத்துக்கே போகட்டும். மகனிடம் இரண்டு ஆண்டு தவணை கேளுங்கள். பட்டியல் போட்டு, மரம் முடிந்து, இன்ஜின் சுற்றுகிற நிலையில் விற்றாலும் மூட்டையாக விற்பதைவிட நல்ல விலை வரும் என்றால் அவரும் மறுக்க மாட்டார்.

கேள்வி: அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறுபடி ஓட்டத் தொடங்கியிருக்கிறோம். முன் சக்கரங்களுக்கு மாதந்தோறும் கிரீஸ் அடித்தும் ஸ்டீரிங் கனமாகிக்கொண்டே போகிறது. இன்னும் கிரீஸ் அடிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, மேலூர்.

பதில்: அந்தக் கிரீஸ்தான் காரணம், அம்மா. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட இந்தக் காரின் முன் சக்கரத்தை அடியில் தாங்குவது ‘ட்ரனியன்’ எனும் மரை வெட்டிய பித்தளைத் துண்டு. சக்கரம் திரும்பும்போது, அதைத் தாங்கி நிற்கும் செங்குத்துத் தண்டு அந்த மரையில் சுற்றும். அதற்குக் கிரீஸ் அல்ல, 90ஆம் எண் கியர் ஆயில்தான் கம்பெனி சொன்னது. கிரீஸ் மரைக்குள் போகாமல் வாயிலேயே அடைத்துக்கொள்ள, உள்ளே தண்ணீர் தங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்துவிடலாம். கழற்றிச் சுத்தம் செய்து, தண்டில் அரிப்பு இருந்தால் மாற்றி, கிரீஸ் கன்னிலேயே கியர் ஆயிலை நிரப்பி அடியுங்கள். அதுவரை காரை எடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் 1968 மாடல் ஃபியட் உள்ளது. விண்டேஜ் பதிவு செய்தால் தினமும் அலுவலகம் போகலாமா?
– வாசகர், திண்டுக்கல்.

பதில்: போக முடியாது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாத வண்டிக்கே அந்தப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். புதிய எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அலுவலகத்துக்கு ஓட்டுவதானால் இப்போதுள்ள ஆர்.சி.யையே காலாவதியாகாமல் புதுப்பித்து வாருங்கள்.