முதல் 120 கேமரா: ஆர்பி67 வேண்டாம், யாஷிகாவே போதும்

நண்பரே, ஊர் சுற்றும்போதும் வீட்டாரைப் படம் எடுக்கவும் 120 ஃபிலிம் (அகலமான ரோல் ஃபிலிம்) போடும் ஒரே கேமராதான் வாங்குவேன், மமியா ஆர்பி67-ஆ யாஷிகா மேட் 124ஜி-யா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுவதுதான் அதிகம் என்றால் யோசிக்காமல் யாஷிகா. ஆர்பி அருமையான கேமராதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் லென்சோடு சேர்த்து இரண்டரை கிலோவைத் தாண்டும், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால் மத்தியானத்துக்குள் படம் எடுக்கிற ஆசையே போய்விடும். யாஷிகா ஒரு கிலோ சொச்சம். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம், ஆர்பியில் 10.

குறையும் உண்டு. லென்ஸ் மாற்ற முடியாது, சுமார் ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. முகம் மட்டும் நிறைய வேண்டுமென்றால் பெல்லோஸ் (லென்ஸை முன்னால் நீட்ட உதவும் மடிப்புத் துருத்தி) உள்ள ஆர்பிதான் சரி.

வாங்கும்போது ஷட்டரை 1 நொடியில் வைத்து அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள், இழுத்தாலோ பாதியில் நின்றாலோ சர்வீஸ் செலவு இருக்கிறது என்று பேரம் பேசலாம். அப்புறம் பின்கதவைத் திறந்து, 'பி'யில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழுமாக உள்ள இரண்டு லென்ஸில் படம் எடுக்கும் கீழ் லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். மேல் லென்ஸ் வெறும் பார்வைக்குத்தான், அதில் லேசான கீறல் இருந்தால் பரவாயில்லை. வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்கிறது என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள், அது பழைய பாதரச பேட்டரிக்குச் செய்தது, போனில் ஒரு ஆப் போதும்.