வைக்கோலைத் தொட்டியில் போடாதீர்கள் அண்ணே

வணக்கம் அண்ணே. மன்னார்குடியில் அப்பாவின் 5 மாட்டுச் சாணம், வைக்கோல் இரண்டையும் வைத்து மின்சாரம் எடுக்க மானியம் உண்டா என்று சிங்கப்பூர் யீஷூனிலிருந்து கேட்டிருந்தீர்கள். மின்சாரத்தை விடுங்கள், அடுப்புக்குச் சாண எரிவாயு எடுங்கள். நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு, அதாவது சாணம் கரைத்து ஊற்றும் மூடிய தொட்டிக்கு, தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். 5 மாடு போதும்.

வைக்கோல் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் மக்காது, மேலே மிதக்கும். ஊரில் எங்கள் தொட்டியில் போட்டு, உள்ளங்கைக் கனத்துக்கு ஏடு கட்டி, மூங்கில் கழியால் குத்தி உடைத்தோம்.

சிறு கலன்களுக்கு மானியம் தருவது மத்திய அரசின் தேசிய உயிரி ஆற்றல் திட்டம். அது 2021-22 முதல் 2025-26 வரைக்கானது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் குழி தோண்டலாம். 2018இல் வந்த ‘சதத்’ (SATAT) என்ற மத்திய அரசுத் திட்டம், வாகனங்களுக்கு அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு தயாரிக்கும் பெரிய ஆலைகளுக்கு, உங்களுக்கு அல்ல.