மறுவெளியீடாக வரும் பழைய பிக்கப் மாடல் கிட்டை (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியை) வாங்கி, நம் விருப்பப்படி மாற்றிக் கட்ட முடியுமா?

முடியும், நான் கட்டியிருக்கிறேன். ஆனால் கேள்வியின் கீழே, "பாகங்கள் சரியாகப் பொருந்தாது என்கிறார்களே, அப்படியானால் பணம் வீண்தானே?" என்று நீங்கள் சேர்த்திருக்கும் வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. பசையில்லாமல் சொடுக்கிப் பூட்டும் கிட்டுகளோடு ஒப்பிட்டு நீங்கள் கேட்பதால், இதுவரை ஜப்பானிய ரோபோ கிட்டுகளைக் கட்டிப் பழகியவர் என்று ஊகிக்கிறேன். அந்தக் கிட்டுகளை நான் குறை சொல்லவில்லை. அவற்றை வைத்துப் பழைய அமெரிக்கக் கிட்டை அளக்க வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறேன்.

மறுவெளியீடு என்பது புதிய வடிவமைப்பு அன்று. பல பத்தாண்டுகளுக்கு முன் எஃகில் வெட்டிய அதே வார்ப்பச்சை மறுபடியும் எந்திரத்தில் ஏற்றி, புதிய பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி எடுப்பதுதான் அது. ஏ.எம்.டி. (AMT) என்னும் அமெரிக்க மாடல் நிறுவனம் 1948இல் கார் விற்பனையாளர்களுக்கான விளம்பர மாடல்களைச் செய்து தொடங்கியது. 1958 முதல், ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை விற்றது. அந்தப் பெயரில் இன்று பழைய அச்சுகளை மீண்டும் ஓட்டுவது ரவுண்ட் 2 என்னும் நிறுவனம். இத்தனை காலம் உழைத்த அச்சின் விளிம்பு தேய்ந்திருந்தால், அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து பாகத்தின் ஓரத்தில் மெல்லிய தோலாக நிற்கும். அச்சின் இரு பாதிகளும் மயிரிழை விலகினால் நடுவே ஒரு வரம்பு ஓடும். தடித்த இடங்களில் குளிரும்போது மேற்பரப்பு உள்வாங்கிக் குழி விழும். இவை எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்தே பெட்டியைத் திறக்க வேண்டும். சிறு அரமும், 400 முதல் 1000 வரை எண்ணுள்ள உப்புத்தாளும், குழியை நிரப்பக் கொஞ்சம் பட்டியும் (putty) இருந்தால் தீரக்கூடிய குறைகள்தாம். பசை தொடுவதற்கு முன், கேபின், பானட், மட்கார்டுகள், சேஸிஸ் ஆகியவற்றை ஒட்டுநாடாவால் கட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொள்வது கட்டாயம்.

பொருந்தாமையை நான் குறையாக எண்ணாததற்குக் காரணம் உண்டு. பாகங்கள் துல்லியமாகப் பூட்டிக்கொள்ளும் கிட்டில் கத்தி வைக்க மனம் வராது. எப்படியும் அராவியும் பட்டி பூசியுமே ஆகவேண்டிய கிட்டில், வெட்டுவதற்கு இருக்கும் தயக்கம் முதல் நாளே போய்விடும்.

நான் கட்டியது 1:25 அளவிலான 1953 ஃபோர்டு எஃப்-100. எஃப்-1 என்ற பெயரில் ஓடிய வண்டிக்குப் பதிலாக அந்த ஆண்டில்தான் எஃப்-100 வந்தது. அமெரிக்க ஃபோர்டு பிக்கப்பில் பிளாட்ஹெட் வி8 (V வடிவில் எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட பழைய வகை) எஞ்சின் கடைசியாக இடம்பெற்றதும் அந்த ஆண்டுதான். அசல் வண்டியின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 110 அங்குலம். கிட்டில் அது ஏறத்தாழ 112 மி.மீ. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், மாற்றிக் கட்டுவதில் பாதி வேலை 25ஆல் வகுப்பதுதான் என்பது. அசலில் 75 மி.மீ. குறைக்க வேண்டுமென்றால் மாடலில் 3 மி.மீ.; ஆர்வத்தில் 5 மி.மீ. அராவிவிட்டால் வண்டி அசலில் 125 மி.மீ. கீழே போய்விடும்.

அமெரிக்கப் பாணியில் மாற்றுவதென்றால் தாழ்த்துவது, கூரையை வெட்டிக் குட்டையாக்குவது, பானட்டில் தீச்சுடர் வரைவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் அப்படிச் செய்யவில்லை. இங்கே மலேசியாவில், பினாங்கு லெபோ பாசார் தெருவில், கடைக்கு முன்னே அஞ்சடியை (கடை முகப்பு நடைபாதையை) ஒட்டி நிறுத்தி அரிசி மூட்டை இறக்கும் மளிகைக்கடை வண்டியாக அதைக் கட்டினேன். 1953 எஃப்-100 அந்தத் தெருவில் ஓடியதற்கு ஆதாரம் கேட்டு யாரும் வர வேண்டாம். ஓடியதாக நான் சொல்லவே இல்லை. தீச்சுடர் வரைந்தவரிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இந்த ஊர் வண்டி என்றால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம்தான் அதிக வேலை வாங்கியது. டேஷ்போர்டைக் குறுக்கே அறுத்து, மீட்டர்கள் உள்ள துண்டையும் எதிர்ப்பக்கத் துண்டையும் இடம் மாற்றி, இடைவெளியை 0.5 மி.மீ. ஸ்டைரீன் (கிட்டின் பாகங்கள் செய்யும் அதே வகைப் பிளாஸ்டிக்) தகட்டால் நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். பெடல்களைச் சீவி எடுத்து வலப்பக்கம் ஒட்ட வேண்டும். இதோடு முடியாது. பானட் திறக்கும்படி வைப்பதாக இருந்தால், ஸ்டீயரிங் தண்டு கீழிறங்கிச் சேரும் கியர்பெட்டியும் சேஸிஸின் வலப்பக்கம் வந்தாக வேண்டும். பேட்டரியோ புகைக்குழாயோ அதற்கு இடம் விட்டாக வேண்டும். பானட்டை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முதல் முறை செய்பவர் ஒட்டிவிடுவதில் எந்த இழுக்கும் இல்லை.

இளமையில் அத்தகைய கடையொன்றில் வேலை பார்த்த என் மாமாவிடம், பாதி கட்டிய வண்டியைக் காட்டினேன். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை. "பின்பக்கம் ஏன்டா இப்படி நிமிர்ந்து நிக்குது? பத்து மூட்டை ஏத்துனா குந்திடும்" என்றார். பின் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையிலுள்ள மேடையை 2 மி.மீ. அளவுக்குச் சீவியதும் வண்டி சுமை ஏறியதுபோல் அமர்ந்தது. முழுக்கத் தாழ்த்த விரும்பினால், ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ஆக்ஸிலை மேலே மாற்றிப் பொருத்துங்கள்; அசல் வண்டிகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். முன்பக்கம் ஒற்றை உத்திரம் போன்ற ஆக்ஸில் என்பதால் அங்கும் இதே சீவல்தான். சக்கரம் மட்கார்டில் உரசுகிறதா என்பதைப் பெயின்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மூட்டைகளை இரு கலவை எபோக்சிப் பட்டியில் உருட்டினேன். ஒரு நிறை மூட்டை 32 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன். பட்டி இறுகும் முன் பழைய வேட்டித் துணியை ஈரமாக்கி அழுத்தி எடுத்தால் சாக்கின் நெசவு பதியும். மருத்துவக் கட்டுத்துணி இந்த அளவுக்கு மிகவும் முரடு. நான்கு கேலன் எண்ணெய் டின்னுக்கு 9.5 மி.மீ. சதுரமும் 14 மி.மீ. உயரமும் போதும்.

கதவில் எழுதிய கடைப் பலகைதான் நான் உண்மையிலேயே பெருமைப்படும் பகுதி. வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதைப் பலர் டீக்கால் தாளை (நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் படத்தாளை) வாங்கிய பிறகே உணர்கிறார்கள். கரும்பச்சைக் கதவில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், ஒளி புகும் தாள் உதவாது; வெள்ளை டீக்கால் தாளில் பின்னணியைக் கறுப்பாக அச்சிட்டு, எழுத்துகளை வெற்றிடமாக விட வேண்டும். பச்சைப் பின்னணியை அச்சிட்டுக் கதவின் பெயின்டோடு ஒத்துப்போக வைப்பது நடவாத காரியம் என்பதால், மஞ்சள் கரையிட்ட கறுப்புப் பட்டையாகவே வடிவமைத்தேன். வெள்ளை எழுத்தும் கறுப்புப் பின்னணியும் நம் எண் பலகைக்கும் பொருந்துவதால், பி என்ற எழுத்தில் தொடங்கும் பினாங்கு எண்ணும் அதே தாளில் முடிந்தது. இன்க்ஜெட்டில் அச்சிட்டால், தண்ணீரில் நனைக்கும் முன் கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) அடித்தே ஆக வேண்டும். இல்லையேல் மை கரைந்துவிடும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 3 மி.மீ. உயரத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து தெளிவாக நிற்கும். நம் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். சுழிகளை வேண்டுமென்றே பெரிதாக்கி, கோட்டை மெலிதாக்கி, நானே எழுத்துகளை வரைந்தேன். வரைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், 'பினாங்கு' என்பதில் வரும் 'னா'வும், 'மொத்த விலை' என்பதில் வரும் 'லை'யும் இன்றைய வடிவில் எழுதப்படவில்லை. னா ஒரே எழுத்தாகச் சுழிந்து முடியும், லைக்குத் தும்பிக்கை போன்ற கொம்பு இருக்கும். ஐம்பதுகளின் வண்டியில் இன்றைய கணினி எழுத்துரு இருந்தால், தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணில் அது துரு விழுந்த வண்டிக்குப் பளபளக்கும் ரிம் போட்டதுபோல் உறுத்தும்.

கண்காட்சி ஒன்றில், இதையெல்லாம் பார்த்தும், "ஃபோர்டு தொழிற்சாலையில் வலப்பக்க டேஷ்போர்டு இப்படி இருக்காதே, தம்பி" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார் ஒரு மூத்த அண்ணன். அவருக்குத் தெரிந்த அளவு ஃபோர்டைப் பற்றி எனக்குத் தெரியாது, மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பக்கத்து மேசையில் எட்டுச் சைலன்சர் வைத்த ஊதா நிற பிக்கப் ஒன்று நின்றது. அதை எந்தத் தொழிற்சாலை செய்தது என்று அவர் கேட்கவில்லை.

பெயின்ட் விஷயத்தில், வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டாம். லாக்கர் ஸ்பிரேயின் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. நம் காற்றில் உள்ள ஈரம் அந்த இடத்தில் படிந்து, பளபளப்பான கரும்பச்சையைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். மழை இல்லாத நாளில் நண்பகலுக்குப் பின் அடிப்பது நல்லது. விடியற்காலையில்தான் காற்றின் ஒப்பு ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை நான் வெட்டுவதற்கும் அராவுவதற்கும் ஒதுக்கிவிடுவேன். சனவரி, பிப்ரவரிதான் பெயின்டுக்கு. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) வைத்திருப்பவர்கள் உலர்வதைத் தாமதப்படுத்தும் தின்னரைக் கலந்து தப்பிக்கலாம். அடுக்குமாடியில் ஏர்கான் அறைக்குள் அடித்தால் ஈரம் குறையும் என்பது உண்மை. அந்தப் புகை உங்கள் வீட்டாரின் நுரையீரலுக்குப் போகும் என்பதும் உண்மை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோம் முலாம் பூசிய பாகத்தில் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் முலாமைச் சுரண்டுங்கள், அல்லது துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் ஊறவைத்து முழுவதையும் நீக்குங்கள். வேலைக்கார வண்டிக்கு அவ்வளவு குரோம் தேவையும் இல்லை. கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ கூடாது, அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துவிடும். வெள்ளைப் பசை போதும். வினைல் டயரிலுள்ள மென்மையாக்கும் வேதிப்பொருள் நாளடைவில் ரிம்மை அரிக்கக்கூடும் என்பதால், ரிம்மின் ஓரத்தில் பெயின்டோ தகட்டு ஒட்டுநாடாவோ இடையில் இருக்கட்டும். துருவைக் கதவின் அடி விளிம்பு, மட்கார்டின் கீழ்ப்பகுதி, சரக்குத் தொட்டியின் மூலைகள் என்று தண்ணீர் தேங்கும் இடங்களில் மட்டும் வையுங்கள்.

வாங்குவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நம் ஊர்க் கடைகளில் அமெரிக்க வண்டிக் கிட்டுகள் ரோபோக்களுக்கு அடியில் கடைசித் தட்டில்தான் கிடக்கும், அது அவர்கள் வியாபாரம். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இணையத்தில் விற்கும் சிலர் செய்வது. மறுவெளியீட்டுப் பெட்டிகளில் அறுபதுகளின் பழைய ஓவியத்தையே அச்சிடுகிறார்கள் என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, "அரிய அசல், இனிக் கிடைக்காது" என்று எழுதி இரட்டிப்பு விலை கேட்கிறார்கள். எனக்கு அப்படி விற்க முயன்றவரிடம் பெட்டியின் பக்கவாட்டுப் படத்தைக் கேட்டேன். அத்துடன் அவர் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பக்கவாட்டில் ரவுண்ட் 2 என்ற பெயர் இருந்தால் அது 2005க்குப் பிறகு வந்த பெட்டிதான், ஏனெனில் அந்த நிறுவனமே அப்போதுதான் தொடங்கியது. வெட்டப் போகும் உங்களுக்கு மறுவெளியீடே ஏற்றது. மறுவெளியீட்டுக்குரிய விலையை மட்டும் கொடுங்கள். கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், ஸ்பிரே கேன்களை இங்கேயே வாங்கிவிடுங்கள். அழுத்தம் ஏற்றிய கேன்களை விமான அஞ்சலில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.